ஒருக்கா நிப்பாட்டிப் போடுங்கோ

2025 பெப்ரவரி 9 ஒரு ஞாயிற்றுக்கிழமை. முற்பகல் பதினொரு மணி தாண்டியபோது கல்கிசையில் எங்கள் ஒழுங்கையில் மின்விசிறிகள் நின்றன. எங்கள் ஒழுங்கையில் மட்டுமல்ல, இலங்கை முழுவதும் நின்றன. காலி வீதி வழியே தெற்கே போனால் வரும் பாணந்துறையில், மின்சார சபையின் துணை மின்நிலையமொன்றில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதுதான் காரணம் என்று அன்றே எரிசக்தி அமைச்சர் சொன்னார். மின்சாரம் திரும்பியபோது பின்னேரமாகிவிட்டது. பக்கத்து வீட்டு அன்ரி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

“தம்பி, லைற் எல்லாம் எரியுது, நெற் மட்டும் வருதில்லை.”

“ரவுட்டரை ஒருக்கா நிப்பாட்டிப் போடுங்கோ, அன்ரி.”

போட்டார், வந்தது. ஆனால் அன்ரி அத்தோடு விடவில்லை. “நிப்பாட்டிப் போட்டா மட்டும் எப்படிச் சரிவருது? அப்ப பாங்கில இருக்கிற கொம்பியூட்டரையும் இப்பிடித்தான் நிப்பாட்டிப் போடுவினமோ?”

அவர் கேட்டது இரண்டு கேள்விகள். இரண்டுமே நல்ல கேள்விகள், மதிலடியில் நின்று பதில் சொல்லி முடிக்க முடியாதவை.

நாம் இணையத்தில் வங்கிக்கும் மின்னஞ்சலுக்கும் போகும்போது மறுமுனையில் நின்று பதில் தரும் கணினியை வழங்கி என்கிறோம். இரவும் பகலும் கேட்பவருக்குக் கேட்டதை வழங்கிக்கொண்டிருப்பதே அதன் தொழில். கடைசியாகத் தொடக்கிய நொடியிலிருந்து அது எவ்வளவு காலம் நிற்காமல் ஓடுகிறது என்பதை அதுவே எண்ணி வைத்திருக்கும். ஒரு சிறு கட்டளை கொடுத்தால் இத்தனை நாள், இத்தனை மணி என்று சொல்லும். இதை நான் விழிப்புக்காலம் என்று அழைக்கிறேன். வழங்கிகளைப் பராமரிப்பவர்களுக்கு இந்த எண்ணில் தனிப் பெருமை உண்டு. ஆயிரம் நாள் விழித்திருந்த வழங்கியைப் பற்றி, நூறு வயது கண்ட பாட்டியைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுவார்கள்.

முதலில், நிறுத்திப் போட்டால் ஏன் சரிவருகிறது என்று பார்ப்போம். கல்கிசையில் புறப்பட்டுக் காங்கேசன்துறை போகும் ரயிலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஏறி, இருக்கையில் கைக்குட்டையைப் போட்டு இடம் பிடிக்கிறார். வழியில் இறங்கியும் விடுகிறார், ஆனால் கைக்குட்டையை எடுக்க மறந்துபோனார். அடுத்து ஏறுபவர் அதைப் பார்த்து ஆள் இருக்கிறது என்று விலகிப் போகிறார். நிலையத்துக்கு நிலையம் இப்படி இரண்டு மூன்று கைக்குட்டைகள் சேர்ந்தால், அநுராதபுரம் வரும்போது பெட்டியில் பாதி இருக்கைகள் வெறுமையாகவே இருக்கும், ஆட்களோ நின்றுகொண்டு போவார்கள். கணினியின் நினைவகத்திலும் இதுவே நடக்கிறது. ஒரு நிரல் வேலைக்காக இடம் பிடிக்கிறது. வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். எங்கோ ஒரு வரியில் அதை எழுத மறந்த நிரலர் ஒருவரால் அந்த இடம் திரும்பி வருவதில்லை. இதுதான் நினைவகக் கசிவு. ஒருமுறைக்குக் கசிவது மிகச் சிறிது. ஆனால் நாளொன்றுக்கு இலட்சம் முறை ஓடும் நிரலில் அது சேர்ந்துகொண்டே போகும். நிறுத்திப் போடுவது, ரயில் கடைசி நிலையத்தை அடைந்து, எல்லோரையும் இறக்கி, பெட்டியைக் கூட்டித் துடைத்து, புதிதாகப் புறப்படுவதற்குச் சமம்.

வீட்டு ரவுட்டரும் ஒரு சிறிய கணினிதான். உங்கள் கைபேசி திறக்கும் ஒவ்வொரு இணைப்புக்கும் அது ஓர் அட்டவணையில் ஒரு வரி எழுதிக்கொள்கிறது. மலிவான கருவி என்பதால் அட்டவணையும் சிறிது. அது நிரம்பினாலும், மின்சாரம் வந்து போன குழப்பத்தில் தொலைபேசி நிலையத்தோடு பேச்சுவார்த்தை பாதியில் முறிந்து நின்றாலும், விளக்கு எரியும், இணையம் வராது.

நிறுத்திப் போட்டால் சரிவருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு அதுவே கூடுதல் அழகாகத் தெரிகிறது. 1985இல் டாண்டெம் என்ற அமெரிக்கக் கணினி நிறுவனத்தில் இருந்த ஜிம் கிரே, தம் வாடிக்கையாளர்களின் கணினிகள் எதனால் நின்றன என்று கணக்கெடுத்தார். வன்பொருள் பழுதுதான் முதற் காரணமாக இருக்கும் என்றே யாரும் நினைப்பார்கள். அது 18 வீதம்தான். இயக்குபவர்களின் கைத்தவறுகளையும் உள்ளடக்கிய நிர்வாகக் காரணங்கள் 42 வீதம், மென்பொருள் 25 வீதம். மென்பொருள் பிழைகளைத் தோண்டிப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. தேறிய நிரலில் எஞ்சியிருப்பவை பெரும்பாலும் அபூர்வமான தற்செயல்களில் மட்டும் தலைகாட்டும் பிழைகள். இரண்டு வேலைகள் ஒரே கணத்தில் ஒரே கதவைத் தட்டினால் மட்டும் நடக்கும் மோதல் போன்றவை. தேடிப் போனால் அவை மறைந்துவிடும். மறுபடி தொடக்கினால் அதே தற்செயல் அமைவது அரிது. நாம் எதையும் திருத்தவில்லை. சீட்டுக்கட்டைப் புதிதாகக் கலைத்துப் போட்டோம், அவ்வளவுதான்.

பத்து ஆண்டுகள் கழித்து, 1995இல், பெல் ஆய்வகத்தின் யெனுன் ஹுவாங், சந்திரா கிந்தாலா முதலியோர் ஓட ஓடக் கசிவுகள் சேர்ந்து கணினி தளர்வதை மென்பொருளின் மூப்பு என்று விவரித்தார்கள். எழுத்துகளும் எண்களும் கிழடாகுமா என்று கேட்கலாம். நிரல் கிழடாவதில்லை, ஓடிக்கொண்டிருக்கும் அதன் ஓட்டம்தான் கிழடாகிறது. ரயிலின் அட்டவணை நேற்றுப்போலவே இருக்கிறது, பெட்டிகளில்தான் குப்பை. அவர்கள் சொன்ன மருந்து இன்னும் துணிச்சலானது. விழும்வரை காத்திராமல், ஆட்கள் குறைந்த நேரம் பார்த்து நாமே நிறுத்தித் தொடக்கிவிடுவது. இதை வெறும் ஊகமாக விடாமல் அளந்து பார்த்தவர்களில் ஒருவர், டியூக் பல்கலைக்கழகத்தின் கிஷோர் திரிவேதி. ஓடும் கணினிகளின் வெற்று நினைவகம் நாளுக்கு நாள் எப்படித் தேய்கிறது என்று பதிவு செய்து, அந்தச் சரிவு எந்த நாளில் தரையைத் தொடும் என்று முன்கூட்டியே கணிக்கும் முறைகளை அவரும் அவருடைய மாணவர்களும் உருவாக்கினார்கள்.

கசிவு மெல்லக் கொல்வது. திடீரென்று கொல்வதும் ஒன்று இருக்கிறது. பழைய பஸ்களின் தூரமானியில் ஐந்து இலக்கங்கள்தான் இருக்கும். 99999 கிலோமீற்றர் ஓடியபின் அடுத்த கிலோமீற்றரில் அது 00000 என்று காட்டும். பஸ் புதிதாகிவிடவில்லை, எண்தான் நிரம்பி வழிந்தது. கணினிக்குள்ளும் தூரமானிகள் உண்டு, அவை தூரத்துக்குப் பதில் நேரத்தை எண்ணுகின்றன. 32 இரும இலக்கங்கள் கொண்ட எண்ணியில் ஏறத்தாழ 429 கோடி வரை எண்ணலாம். விண்டோஸ் 95இல் இப்படியோர் எண்ணி நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கை எண்ணிக்கொண்டிருந்தது. 49.7 நாட்களில் 429 கோடி தீர்ந்துபோகும், கணினி உறைந்து நிற்கும். இந்தப் பிழை பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரியவந்தது. அந்நாட்களில் வீட்டுக் கணினியை யாரும் ஐம்பது நாள் தொடர்ந்து ஓடவிட்டதில்லை! பழைய லினக்ஸ் வழங்கிகள் நொடியின் நூறில் ஒரு பங்கை எண்ணின. ஆகவே அவற்றின் விழிப்புக்காலம் 497 நாட்கள் வரை ஏறி, மறுநாள் பூச்சியத்துக்குத் திரும்பும். வழங்கி நிற்காது, ஆனால் அதன் பெருமை அழிந்துபோகும். நம் பராமரிப்பாளர்களுக்கு அதுவே பெரும் துக்கம்.

2015இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் போயிங் 787 விமானங்களுக்கு ஓர் ஆணை பிறப்பித்தது. அந்த விமானத்தில் மின்பிறப்பாக்கிகளைக் கட்டுப்படுத்தும் கணினிகள் 248 நாட்கள் தொடர்ச்சியாக மின்சாரத்தில் இருந்தால், எல்லாம் ஒருசேரப் பாதுகாப்பு நிலைக்குப் போய், விமானத்தின் மாறுதிசை மின்சாரம் முழுவதும் அற்றுப்போகலாம் என்றது அந்த ஆணை. 248 என்ற எண்ணைக் கண்டதும் கணினிக்காரர் பலர் காரணத்தை ஊகித்துவிட்டார்கள், ஏனெனில் அது 497இன் பாதி. 32 இலக்கங்களில் ஒன்று கூட்டல் கழித்தல் குறிக்குப் போய்விட்டால் மிஞ்சுவது பாதிதான். ஆய்வகச் சோதனையில் பிடிபட்டதால் வானில் எந்த விமானத்துக்கும் இது நேரவில்லை. திருத்திய மென்பொருள் வரும்வரை செய்யச் சொன்ன பரிகாரம், காலத்துக்குக் காலம் மின்சாரத்தை நிறுத்திப் போடுவது. அன்ரியின் ரவுட்டருக்குச் சொன்ன அதே பரிகாரம்.

வானில் நேரவில்லை என்றேன். தரையில் நேர்ந்தது. 1991 பெப்ரவரி 25, வளைகுடாப் போர். சவூதி அரேபியாவின் தஹ்ரானில், வரும் ஏவுகணையை வானிலேயே மறிக்க வைத்திருந்த பேட்ரியட் தொகுதியொன்று நூறு மணித்தியாலத்துக்கும் மேலாக நிறுத்தாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதன் கணினி நேரத்தை நொடியின் பத்தில் ஒரு பங்காக எண்ணியது. பத்தில் ஒன்று நமக்கு எளிய எண். இரும இலக்கங்களில் அது முடிவே இல்லாமல் நீளும், மூன்றில் ஒன்றை நாம் 0.333 என்று எழுதிக்கொண்டே போவதுபோல. 24 இலக்கங்களோடு வெட்டிவிட்டதில், கணக்கு ஒவ்வொரு முறையும் ஓர் அணுவளவு தவறியது. நூறு மணித்தியாலத்தில் அணுக்கள் சேர்ந்து 0.34 நொடியாகின. வந்த ஸ்கட் ஏவுகணை அந்நேரத்துக்குள் அரைக் கிலோமீற்றருக்கு மேல் பறந்துவிடும். பேட்ரியட் வானத்தின் தவறான மூலையில் தேடி, ஒன்றுமில்லை என்று முடிவு செய்தது. 28 படையினர் இறந்தனர். மிக நீண்ட நேரம் ஓடவிட்டால் குறி பிசகும் என்று களத்துக்கு முன்பே எச்சரிக்கை போயிருந்தது. மிக நீண்ட நேரம் என்றால் எவ்வளவு என்று அதில் யாரும் எழுதவில்லை. திருத்திய மென்பொருள் தஹ்ரான் வந்து சேர்ந்தது மறுநாள், 26ஆம் திகதி. நிறுத்தித் தொடக்கியிருந்தால் நேரம் பூச்சியத்துக்குப் போய்ப் பிசகு அழிந்திருக்கும். அதற்குத் தேவைப்பட்டது ஏறத்தாழ ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை நிமிடம். அமெரிக்க நாடாளுமன்றத்தின் கணக்காய்வு அலுவலகம் ஆராய்ந்து எழுதிய அறிக்கையில் இதெல்லாம் இருக்கிறது. அதை வாசித்த நாளிலிருந்து, நிறுத்திப் போடுவதை நான் சோம்பேறி வைத்தியமாக நினைப்பதில்லை.

இத்தனை ஆபத்துகளையும் கடந்து நெடுங்காலம் விழித்திருந்தவையும் உண்டு. 1996இல் தொடக்கிய நெட்வேர் வழங்கியொன்று 2013 வரை, பதினாறு ஆண்டுகளுக்கும் மேலாக, ஒருமுறையும் நிற்காமல் ஓடியது. அதை நிறுத்தியது மென்பொருளல்ல. வன்தட்டின் தாங்கி தேய்ந்து, சத்தம் பொறுக்க முடியாமல் போனது. இதைவிடப் பெரிய சாதனை ஒன்று வானில் இருக்கிறது. 1977 ஓகஸ்ட் 20இல் ஏவிய வொயேஜர் 2 விண்கலத்தின் கட்டளைக் கணினி இன்னும் விழித்திருக்கிறது. அதற்கும் தடுமாற்றங்கள் வந்தன. 2010இல் அது அனுப்பிய தரவுகள் திடீரென்று புரியாமல் போயின. பொறியியலாளர்கள் அதன் இன்னொரு கணினியின் நினைவகத்தை அப்படியே கீழே இறக்கிப் பார்த்தார்கள். ஓரிடத்தில் பூச்சியம் ஒன்றாக மாறியிருந்தது. ஒரே ஓர் இலக்கம். அதைத் திருப்பி வைத்தார்கள், பேச்சு சரியானது. விண்வெளியிலிருந்து வரும் கதிர்த்துகள்கள் இப்படி இலக்கங்களைத் தட்டிவிடக்கூடியவை. தரையிலும் அவை, மிகக் குறைவாகவேனும், விழத்தான் செய்கின்றன. ஆகவேதான் வழங்கிகளில் தன் பிழையைத் தானே கண்டு திருத்தும் நினைவகத்தைப் பொருத்துகிறார்கள். அன்ரியின் ரவுட்டரில் அந்த வசதியில்லை.

அப்படியானால் பதினாறு ஆண்டு விழித்த வழங்கியைப் போற்றுவதா? முன்பு நானும் போற்றியவன்தான். இன்று அந்த எண்ணைக் கண்டால் எனக்கு முதலில் வருவது கவலை. இயங்குதளத்தின் கருவில் பாதுகாப்பு ஓட்டை ஒன்று கண்டுபிடிக்கப்பட்டால் அதற்கு ஒட்டுப் போட வேண்டும். பெரும்பாலான ஒட்டுகள் மீள்தொடக்கத்துக்குப் பின்னரே வேலை செய்யும். ஆயிரம் நாள் விழித்த வழங்கி என்றால், ஆயிரம் நாளாகக் கருவுக்கு ஒட்டுப் போடாத வழங்கி என்றுதான் பெரும்பாலும் பொருள். விதிவிலக்கு உண்டு. 2008 அளவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் உருவான கேஸ்ப்ளைஸ் என்ற முறை, ஓடும் கருவுக்கே ஒட்டுப் போட்டது. காலி வீதியில் ஒரு துண்டைத் தோண்டும்போது போக்குவரத்தை நிறுத்துவதில்லை. ‘மாற்றுப்பாதை’ என்ற பலகையை வைத்து உள்வீதியால் திருப்பிவிடுவார்கள். ஓட்டையுள்ள நிரல்துண்டின் வாசலில் அப்படியொரு பலகையை வைத்து, திருத்திய துண்டுக்குத் திருப்பிவிடுவதே இந்த வித்தை. 2015இலிருந்து லினக்ஸ் கருவிலேயே இதற்கு இடமிருக்கிறது. ஆனால் வீதியெல்லாம் மாற்றுப்பாதைப் பலகைகளாக நிறைந்தால் ஒருநாள் வீதியையே மீளப் போடத்தானே வேண்டும்.

ஒட்டுப் போடாமல் விட்டால் என்னாகும் என்பதை நாமே பார்த்தோம். 2023 ஓகஸ்ட் 26இல் அரசின் மேகக் கணினிச் சேவையைக் கப்பம் கேட்கும் நச்சுநிரலொன்று தாக்கியது. ஏறத்தாழ 5000 அரச மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் தாக்குதல் நாள் வரையான அஞ்சல்கள் அழிந்துபோயின, ஏனெனில் அந்தக் காலத்துக்கான காப்புப்பிரதியும் தப்பவில்லை. அங்கே ஓடியது மைக்ரோசொஃப்டின் மின்னஞ்சல் மென்பொருளின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. அதற்கு ஒட்டுகள் தருவதை அந்த நிறுவனம் அதே ஆண்டு ஏப்ரலில் நிறுத்திவிட்டிருந்தது. புதிய பதிப்புக்கு மாறுவது 2021இலிருந்து திட்டத்தில் இருந்ததாகவும், நிதிப் பற்றாக்குறை முதலிய காரணங்களால் தள்ளிப்போனதாகவும் பொறுப்பான அரச முகவர் நிலையம் சொன்னது. நாடு எந்த நிலையில் இருந்தது என்பதை நாம் மறக்கவில்லை. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. அப்படியான காலத்தில், ஓடுகிறதை ஓடவிடு என்ற எண்ணம் வருவது எனக்கு விளங்குகிறது. விளங்கினாலும், அழிந்த அஞ்சல்கள் அழிந்தவைதான்.

தொடாமல் விடுவதற்குப் பின்னால் பணம் மட்டுமில்லை, பயமும் இருக்கிறது. ஓடுகிற ஒன்றை நிறுத்தினால் மறுபடி ஓடுமா? இந்தப் பயம் பொய்யல்ல. ஆண்டுக்கணக்கில் சுழன்ற வன்தட்டு, நின்று குளிர்ந்தபின் சுழல மறுப்பதுண்டு. பல ஆண்டுகளுக்கு முன்னர் ஒருவர் கையால் செய்த சிறு மாற்றம், கோப்பில் எழுதாமல் நினைவகத்தில் மட்டும் இருந்திருக்கும். நிறுத்திய நொடியில் அது போய்விடும், செய்தவரோ எப்போதோ கனடா போயிருப்பார். நுரைச்சோலையை நினைத்துப் பாருங்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை மின்சாரம் போனபோது நிலக்கரி மின்நிலையத்தின் மூன்று தொகுதிகளும் நின்றன. நீர்மின் நிலையங்கள் சீக்கிரம் எழுந்துவிட்டன. நுரைச்சோலை எழவில்லை. அதனால் 10ஆம், 11ஆம் திகதிகளில் ஒன்றரை மணித்தியால மின்வெட்டு வந்தது. ஓடிக்கொண்டிருப்பது ஒரு திறமை, எழுவது வேறொரு திறமை. நெடுங்காலம் எழுந்து பழகாத இயந்திரத்துக்கு எழத் தெரியுமா என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் இன்றைய பராமரிப்பாளர்கள் பலர் வழங்கிகளை மாதத்துக்கு ஒருமுறையாவது வேண்டுமென்றே நிறுத்தித் தொடக்குகிறார்கள். தேவைப்படும் நாளில் எழுமா என்பதை, தேவைப்படாத நாளில் பார்த்துக்கொள்கிறார்கள்.

ஆனால் நிறுத்தவே முடியாத இடங்களும் உண்டு, அவற்றில் ஒன்று எங்கள் ஊர்க் கடலுக்கடியிலேயே இருந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் ஜேர்மனியிலிருந்து அவுஸ்திரேலியா, ஜப்பான் வரை, ஏறத்தாழ 39,000 கிலோமீற்றருக்குப் போட்ட சீ-மீ-வீ 3 என்ற கடலடி வடம் கல்கிசையில் கரையேறியது. 2004 ஓகஸ்டில் கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே கப்பலொன்றின் நங்கூரம் அதை இழுத்து அறுத்தபோது நாட்டின் இணையமே முடங்கியது. அந்த வடத்தில், பல பத்துக் கிலோமீற்றருக்கு ஒன்றாக, மங்கிவரும் ஒளியைப் பெருக்கும் கருவிகள் இருந்தன. கரையிலிருந்து அனுப்பும் மின்சாரத்தில், ஆழ்கடல் இருட்டில், யாரும் போய் நிறுத்திப் போட முடியாத இடத்தில் கால் நூற்றாண்டு காலம் வேலை செய்யும்படி செய்யப்பட்டவை. அவை எதையும் நினைவில் வைப்பதில்லை. மங்கலாக வரும் ஒளியைப் பிரகாசமாக்கி அனுப்புவதோடு அவற்றின் வேலை முடிந்தது. எண்ணாததால் எண் நிரம்பவில்லை. இடம் பிடிக்காததால் கசியவில்லை. நினைவு இல்லாததற்கு மூப்பும் இல்லை. 2024 இறுதியில் அந்த வடத்துக்கு ஓய்வு கொடுத்தார்கள். அதைவிடப் பன்மடங்கு சுமக்கும் புதிய வடங்கள் வந்துவிட்டன.

வங்கிக் கணினியால் அப்படி நினைவில்லாமல் இருக்க முடியாது. உங்கள் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று அது மறந்தால் யார் பொறுப்பது? ஆகவே அங்கே வேறு வழி. ஆடிவேல் விழாவில் தேர் காலி வீதியால் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் வரும்போது கவனித்திருப்பீர்கள். வடம் பிடிப்பவர்கள் கைமாறிக்கொண்டே இருப்பார்கள். களைத்தவர் விலக, பக்கத்தில் நடந்து வந்தவர் பிடித்துக்கொள்வார். அதற்காகத் தேர் நிற்பதில்லை. ஒரே கணக்கேட்டை இரண்டு மூன்று வழங்கிகள் சுமக்கின்றன. ஒன்று எழுதுவதை மற்றது உடனுக்குடன் படியெடுக்கிறது. ஒன்றை இறக்கி, ஒட்டுப் போட்டு, எழுப்பி, சரிதானா என்று பார்த்து, வேலையை அதனிடம் ஒப்படைத்துவிட்டு மற்றதை இறக்குவார்கள். தனித்தனி வழங்கியின் விழிப்புக்காலம் சில வாரம்தான் இருக்கும், சேவையின் விழிப்புக்காலமோ ஆண்டுக்கணக்கில் நீளும். இந்தத் துறையில் ‘ஐந்து ஒன்பது’ என்று ஒரு குறிக்கோள் சொல்வார்கள். 99.999 வீதம் கிடைக்க வேண்டும் என்பது அதன் பொருள். கணக்குப் போட்டால், ஆண்டு முழுவதுக்குமாக நிற்க அனுமதி ஐந்தேகால் நிமிடம். அன்ரியின் ரவுட்டர் இரண்டு முறை நின்று எழும்பினாலே அது தீர்ந்துவிடும்.

கைமாறும் அந்தக் கணம்தான் கடினம். இருவரும் ஒரே நேரத்தில் தாமே பிடித்திருப்பதாக நினைத்தால் கணக்கு இரட்டிக்கும். இருவருமே மற்றவர் பிடித்திருப்பதாக நினைத்தால் பணம் காற்றில் போகும். இதைத் தவிர்க்க மூன்றாவது வழங்கியொன்றை நடுவராக வைத்து, பெரும்பான்மை எதைச் சொல்கிறதோ அதையே ஏற்பது வழக்கம். பழைய அமைப்புகள் சிலவற்றில் இந்தக் கைமாற்றத்தை ஓடும்போது செய்ய முடியாது. அங்கே சேவையைச் சற்று நேரம் மூடிவிட்டுத்தான் செய்வார்கள்.

இவ்வளவையும் அன்ரிக்கு ஒரே நாளில் சொல்லவில்லை. மதிலடியில் மூன்று நான்கு பின்னேரங்கள் பிடித்தன. கடைசி நாள் அவர் உள்ளே போய்த் தன் கைபேசியை எடுத்து வந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அவருடைய வங்கி அனுப்பிய குறுஞ்செய்தியொன்றைக் காட்டினார். ஞாயிறு அதிகாலை 1 மணி முதல் 4 மணி வரை பராமரிப்பு வேலை காரணமாக இணையச் சேவை இயங்காது, சிரமத்துக்கு வருந்துகிறோம் என்றிருந்தது.

“இதுதானோ தம்பி?”

“இதேதான் அன்ரி.”

“அப்ப அவையளும் நிப்பாட்டித்தான் போடுகினம்” என்றார். அவருடைய இரண்டாவது கேள்விக்கு அவரே பதிலைக் கண்டுபிடித்துவிட்டார்.